செவலைக்கோழியின் முதுகு

செவலைக்கோழியின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு இறகே இல்லாமல் சதை தெரிந்தது. காலையில் கூண்டைத் திறந்துவிட்டு, கோழிகள் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் கண்ணில் பட்டது. பிடரியிலும் பெரிய பொட்டு அளவுக்கு மொட்டை. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்றுதான் என் புத்தி முதலில் ஓடியது. அது எப்போதும் அங்கேதான் முதலில் ஓடும். பால் பாக்கெட் கொஞ்சம் மெலிந்து தெரிந்தாலும், தெருக்குழாயில் என் குடம் ஒரு சாண் தள்ளி இருந்தாலும், யார் என்றுதான் கேட்பேன். ஏன் என்று கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே என்னைக் கேலி செய்வார்.

"உன்ன போலீசுல சேத்துருந்தா இந்நேரம் புழல் ஜெயிலு ரொம்பி வழிஞ்சிருக்கும் மே" என்பார்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், விம்கோ நகர் மெட்ரோவில் இறங்கிக் கடல் பக்கமாக நடக்கிற தூரத்தில் இருக்கிறது. அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் பெட்டி ஏற்றிப் போகிற டிரெய்லர் ஓட்டுகிறார். கேட்டில் வரிசை நகர்ந்தால் அன்றே வருவார்; நகராவிட்டால் இரண்டு நாளோ மூன்று நாளோ வண்டியிலேயே சமைத்து, வண்டியிலேயே படுப்பார். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்விட்டாள். வீட்டில் பாதி நாள் நான், தையல் மெஷின், பின்பக்கம் ஆறு கோழிகள், ஒரு சேவல். அவ்வளவுதான் குடும்பம்.

கோழிகள் மேய்கிற பின்பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு மதில். அந்தப் பக்கம் அண்ணாச்சி வீடு. முன்னால் மளிகைக் கடை, பின்னால் குடித்தனம், மேலே புதிதாகக் கட்டிய மாடி. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இருபது வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள். அண்ணாச்சியின் மனைவி என்னை மைனி என்பாள்; அவர்கள் ஊர்ப் பேச்சில் அண்ணி. நான் அவளைத் தங்கச்சி என்பேன். அந்த மதிலுக்கு மேலே கைமாறாத பண்டம் கிடையாது. இங்கிருந்து மீன் குழம்பு போகும். அங்கிருந்து அதிரசம் வரும். அவளுடைய ரவிக்கையை நான் தைப்பேன், எனக்கு முட்டை விற்க ஆள் பிடிப்பது அவள்.

போன வருஷம் என் வீட்டுக்காரர் வயிற்றில் குடல்வால் வெடித்துப் பெரியாஸ்பத்திரியில் கிடந்தார். பதினோரு நாள். என் கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் போனில் கேட்டார்கள். இவள் கடையை அண்ணாச்சி தலையில் கட்டிவிட்டு, தூக்கில் கஞ்சியோடு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அழுதா அழுதுருங்க மைனி, அடக்காதிய" என்று சொல்லி என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நடுராத்திரி நெஞ்சு அடைத்தால் நான் கூப்பிட இந்தத் தெருவில் அவள் ஒருத்திதான். அவளும் இல்லையென்றால் எனக்கு ஒருத்தரும் இல்லை. இதை நான் நன்றாகத் தெரிந்தே வைத்திருந்தேன், தெரிந்தே கெடுத்தேன்.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நான் அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டேன். இவர் நடந்து வீட்டுக்கு வந்தால், வீட்டில் நிற்கிற சேவல் குஞ்சை உமக்கு விடுகிறேன், உம்முடைய திருவிழாவுக்குக் கொண்டுவந்து அசன விருந்தில் சேர்க்கிறேன் என்று. இவர் நடந்து வந்தார். அன்றையிலிருந்து அந்தச் சேவல் எங்களுடையது இல்லை. எங்கள் சனத்தில் அது ஒரு கட்டு. நேர்ந்துவிட்டதை அடிக்கக் கூடாது, வையக் கூடாது, விற்கக் கூடாது. 'எங்கள் சேவல்' என்று வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்கொண்ட மாதிரி. 'கோயிலுது' என்றுதான் சொல்ல வேண்டும். முதல் பிடி அரிசி அதற்கு. வேர்க்கடலை உடைத்தால் அதற்கு. முட்டையின் மஞ்சள்கருவைக்கூட வாரம் ஒரு தரம் பிசைந்து வைப்பேன். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வால் தரையில் புரள, வாசலில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அழகில் நின்றது.

செவலையின் முதுகைப் பார்த்தேனே, அது பொங்கல் கழிந்து ஒரு வாரத்தில்.

எடுத்த எடுப்பில் மனிதர்மேல் பழி போடக் கூடாது என்று என்னையே அடக்கிக்கொண்டு, முதலில் காற்றைச் சந்தேகப்பட்டேன். எங்கள் பக்கத்தில் எதற்கும் எண்ணூர் ஆலைப்புகை கலந்த காற்றுதான் முதல் குற்றவாளி. இருமினால் காற்று, தலைமுடி கொட்டினால் காற்று, புதுப் பூட்டு ஒரே மாதத்தில் துருப்பிடித்தால் காற்று. துவைத்துப் போட்ட வெள்ளைச் சட்டையில் கறுப்பு கறுப்பாக உட்கார்கிறதே, கோழியை மட்டும் விட்டுவைக்குமா? வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன்.

"எல்லாம் எண்ணூர்க் காத்துய்யா. கோழிக்கும் முடி கொட்டுது, தபாரு."

அவர் குனிந்து பார்த்தார். "காத்துன்னா அல்லாத்துக்கும் தானே கொட்டணும்? சேவலு ஜம்முனு கீது. அதுக்கு ஒரு இறகு கூட போவல?"

"அது கோயிலுது. அந்தோணியாரு பாத்துக்கிறாரு. அதும் மேல எது வந்து அண்டும்?"

அதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மனசார நம்பித்தான் சொன்னேன். செவலை முதுகு கிழிந்து நிற்கிற இடத்தில் அது எண்ணெய் தடவினாற்போல மின்னுகிறது என்றால் அது அற்புதம் இல்லாமல் வேறென்ன? எனக்கு உடம்பு சிலிர்த்துக்கூடப் போயிற்று. அவர் டீயைக் குடித்துவிட்டு வண்டிக்குப் போய்விட்டார்.

அடுத்தது பேன். ஒவ்வொரு கோழியாகப் பிடித்து, இறக்கையைத் தூக்கி, அடிவயிற்றை ஊதி ஊதிப் பார்த்தேன். கண்ணாடி போட்டும் பார்த்தேன். ஒன்றும் ஊரவில்லை. இருந்தாலும் சாம்பலில் மஞ்சள் தூளையும் காய்ந்த வேப்பிலையையும் கசக்கிப் போட்டுப் புரள விட்டேன். புரண்டன. வாரம் போயிற்று, முதுகு இன்னும் மோசமானது. பிறகு பெருச்சாளி. கூண்டின் பலகை, கம்பிவலை, அடித்தட்டு எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒரு பல் தடம் இல்லை. பூனையாக இருந்தால் முதுகோடு விடுமா, கழுத்தைக் கடித்துத் தூக்கிக்கொண்டல்லவா போகும்? ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வர, என் புத்தி பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தது. யார்?

செவலையைப் பையில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாக ஒவ்வொரு இறகையும் விரித்துப் பார்த்தார்.

"இது உதிரலம்மா. ஒடிஞ்சிருக்கு பாருங்க, தண்டு அப்படியே நிக்குது. வீட்ல சேவல் வெச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

அந்தோணியார் சாட்சியாக நான் பொய் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்கு என் வாயில் வேறு பதில் வராது. எங்களிடம் சேவல் இல்லை. கோயில் சேவல் ஒன்று எங்களிடம் தங்கியிருக்கிறது. அதைப் போய் ஆஸ்பத்திரிச் சீட்டில் எங்கள் பேருக்குக் கீழே எழுத வைப்பேனா? டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டார்.

"சேவல் இல்லன்னா, மத்த கோழிங்க கொத்துதான்னு பாருங்க. இல்ல, யாராவது புடிச்சு இழுக்குறாங்களான்னு பாருங்க. புண்ணு ஆறணும், அத மொதல்ல கவனிங்க."

அவர் சொன்னதில் 'யாராவது' என்ற ஒரு சொல்தான் என் காதில் விழுந்தது. மற்றதெல்லாம் வழியிலேயே கொட்டிப்போயிற்று. ஷேர் ஆட்டோவில் செவலையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போது தெருவில் இருக்கிற ஒவ்வொரு வீடாக மனசுக்குள் கதவைத் தட்டிக்கொண்டு வந்தேன்.

வந்து இறங்கியவள் நேரே அண்ணாச்சி கடைக்குத்தான் போனேன், ஒரு சோப்பு வாங்க. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, சொகமாகக் காது குடைந்துகொண்டிருந்தார். கையில் கோழி இறகு. செவலை நிறம்.

கோழி இறகால் காது குடைகிற ஆம்பளை ஊரெல்லாம் இருக்கிறார்கள். நானே தையல் மெஷின் பல்லில் அடைகிற பஞ்சைத் தட்ட இறகுதான் வைத்திருக்கிறேன். கீழே கிடந்தால் எடுக்க மாட்டார்களா? இதெல்லாம் இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பின்னால், ஊதுவத்திப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு தகர டப்பாவில் இன்னும் நாலைந்து இறகு செருகியிருந்தது. அதையும் பார்த்துக்கொண்டேன். சோப்பை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

அதற்கப்புறம் பழைய பேச்செல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து வந்தது. அவள் மதிலோரம் மோர்மிளகாய் காயவைப்பாள். என் கோழிகள் ஏறிக் குதித்து அதைக் கிளறிவிடும். "ஒருநா இதுகள புடிச்சிக் கொழம்பு வச்சிருவேன் பாத்துக்கிடுங்க மைனி" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். இப்போது அந்தச் சிரிப்பைக் கழித்துவிட்டுப் பேச்சை மட்டும் நினைத்துப் பார்த்தேன். வேறு மாதிரி இருந்தது. இரண்டு நாளாகச் செவலை மதிலைத் தாண்டி அவள் பக்கம் போய்விட்டு ஓட்டமாகத் திரும்பி வந்ததும் ஞாபகம் வந்தது. என்னத்துக்கு ஓட வேண்டும்?

செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போனேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அல்லவா அந்தோணியார்? இரண்டு மெழுகுவத்தி ஏற்றி, "யாருன்னு என் கண்ணுல காட்டிடு சாமி" என்று மன்றாடினேன். அவர் பாவம், விடிகாலையில் கூவ வைத்து, பகலெல்லாம் என் கண் முன்னால் நடக்க வைத்துத் தினமும் காட்டிக்கொண்டுதான் இருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம். நான் மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, தைக்கிற பாவனையில் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். செவலை மதிலில் ஏறியது, அந்தப் பக்கம் குதித்தது. நான் செருப்புக்கூடப் போடாமல் பின்பக்கம் ஓடி எட்டிப் பார்த்தேன். அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தாள். செவலை அவள் முழங்காலுக்கு நடுவில், காலடியில் சிந்திய பொட்டுக்கடலை. இடது கை இறக்கையை அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் இறகு. அந்தக் கை கோழியின் முதுகில் இருந்தது.

என்ன, ஏது என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அடிப்பாவி! ஆப்ட்டியா? புருசன் காது கொடையறதுக்கு என் கோழிதான் கெடச்சிச்சா? வாயில்லா ஜீவன இப்பிடி உயிரோட புடுங்கிறியே, நீ வெளங்குவியா?"

அவள் வெலவெலத்துப் போய் நிமிர்ந்தாள். "மைனி, நான்..."

"இன்னா மைனி? இன்னா மைனின்றேன்? மிளகாய கிளறுதுன்னா என்னாண்ட வந்து சொல்றது. அத்த உட்டுட்டு திருட்டுத்தனமா... எங்கூர்ல பொழைக்க வந்தவங்களுக்கு இவ்ளோ திமிரு ஆவாது, சொல்லிட்டேன்!"

தெருவில் மூன்று வீட்டு ஜன்னல் திறந்தது. அண்ணாச்சி கடையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் செவலையை இரண்டு கையாலும் தூக்கி, மதிலின்மேல் மெதுவாக வைத்தாள், அது விழாமல் நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு குழாயில் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

எனக்கு அப்போது வெற்றி பெற்ற மாதிரிதான் இருந்தது, மறைப்பானேன். கோழியைத் தூக்கினேன், கையெல்லாம் மஞ்சளாகப் பிசுபிசுத்தது. முதுகு முழுக்க ஏதோ தடவியிருந்தது. அப்போதாவது எனக்கு உறைத்ததா? இல்லை. செய்வினை என்று முடிவு கட்டினேன். கோழியை வைத்து நமக்கு ஏதோ செய்கிறாள் என்று, செவலையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதன் தலையில் கோயில் தீர்த்தத்தைத் தெளித்து, கூண்டில் தள்ளினேன். புண்ணில் சோப்பு பட்டு அது கத்திய கத்து இன்னும் என் காதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். பூசை முடிந்து, சாப்பாடு முடிந்து, பின்பக்கம் டீ டம்ளரோடு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்று நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லும்போது கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர் காது என் பக்கம் இருந்தது, கண் கோழிகள் பக்கம் இருந்தது.

சேவல் ஒரு சுற்றுச் சுற்றிவந்து செவலையைத் துரத்தியது. மற்றக் கோழிகள் கத்திக்கொண்டு ஓடிவிடும். செவலை சாது, ஓடத் தெரியாது, இரண்டு எட்டு வைத்துவிட்டு உட்கார்ந்து கொடுத்துவிடும். சேவல் அதன் பிடரி இறகை அலகால் கவ்விப் பிடித்து, இரண்டு காலையும் முதுகில் வைத்து ஏறியது. மூன்று கிலோவுக்குக் குறையாது அந்த உடம்பு. நிற்க முடியாமல் கால் வழுக்கியது. வழுக்க வழுக்க நகத்தால் முதுகைப் பிராண்டி மறுபடியும் ஏறியது. இறங்கி, உடம்பைச் சிலிர்த்து, ஒன்றும் நடக்காதது போல ஒரு கூவல். தரையில் இரண்டு இறகு கிடந்தது. தண்டு ஒடிந்த இறகு.

"திருடன் ஆப்ட்டான் மே" என்றார் வீட்டுக்காரர்.

"எவன்?"

"இந்தா நிக்கிறானே. உன் அந்தோணியாரு ஆளு."

இதை நான் நூறு தடவை பார்த்திருக்கிறேன். சேவல் ஏறும்போதெல்லாம், கோயிலுது என்ற மரியாதையில் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அந்தத் திருப்பலில்தான் எல்லாம் நடந்திருக்கிறது. நான் ஊட்டிய மஞ்சள்கருவும் வேர்க்கடலையும் செவலையின் முதுகில் போய் இறங்கியிருக்கிறது. துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு சேவலிடம் பாய்ந்தேன். ஓங்கின கை அப்படியே நின்றது. அடிக்கவும் முடியவில்லை, வையவும் முடியவில்லை. "ஒன்னிய..." என்று ஆரம்பித்து "அந்தோணியாரே" என்று முடித்தேன். வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அந்தம்மா தடவுச்சின்னியே, அது இன்னா?"

கழுவியும் போகாமல் இறக்கை அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "வேப்பெண்ணெ. மஞ்சளு. புண்ணுக்குப் போடறதும்மே இது. கையி பட்டா புண்ணு வலிக்கும்னு இறகால தொட்டுப் போட்டுகினு இருந்திருக்கு. அதுக்கா செய்வினைன்னு தீர்த்தம் தெளிச்ச?"

ஆறு வாரமாகப் பேன், பெருச்சாளி, காற்று என்று அலைந்தேனே தவிர, டாக்டரம்மா சொன்ன புண்ணை நான் ஒரு நாளும் கவனிக்கவில்லை. எனக்குத் திருடன்தான் வேண்டியிருந்தது. கோழிக்கு மருந்து போட்டவள் அவள். செவலை அவளைப் பார்த்து ஓடியதற்குக் காரணம் எரிச்சல். திரும்பத் திரும்பப் போனதற்குக் காரணம் அவள் போடும் பொட்டுக்கடலை. அவமானத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

அன்று சாயங்காலமே அவர் பழைய மீன்வலையைக் கட்டிப் பின்பக்கத்தை இரண்டாகத் தடுத்தார். சேவல் ஒரு பக்கம், கோழிகள் ஒரு பக்கம். வலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது கூவுவதைக் கேட்டால் எனக்கு இப்போதும் கடுப்பாகத்தான் இருக்கிறது. ஒடிந்த தண்டுகள் விழுந்து, கொஞ்ச நாளில் செவலையின் முதுகில் நீலமாகக் குருத்து முளைக்க ஆரம்பித்தது. நானே வேப்பெண்ணெய் போட்டேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரு சத்தமும் இல்லை. மிளகாய்த் தட்டு மாடிக்குப் போய்விட்டது. "தங்கச்சீ" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். உள்ளே டிவி சத்தம்தான் வந்தது. சங்கரா மீன் குழம்பு வைத்து வீட்டுக்காரரிடம் கொடுத்தனுப்பினேன். சாயங்காலம் பாத்திரம் திரும்பி வந்தது, பளபளவென்று கழுவி, காலியாக. இருபது வருஷத்தில் அவள் வீட்டிலிருந்து வெறும் பாத்திரம் வந்ததில்லை. ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் தருவாள். அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு சமையல்கட்டில் நெடுநேரம் நின்றேன்.

அதற்கு மேலும் பொறுக்க முடியாமல் ஒரு நாள் காலை பத்து மணிக்குக் கடைக்கே போனேன். அண்ணாச்சி மொத்தக் கடைக்குச் சரக்கு எடுக்கப் போயிருந்தார். அவள்தான் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள், கடைக்கு வருகிற எல்லாருக்கும் நிற்பது போல.

"என்ன வேணும்?"

"அரை கிலோ தொவரம்பருப்பு" என்றேன். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் மூட்டையிலிருந்து அள்ளப் போனாள். "தங்கச்சி, தப்பு என்னுதுதாம்மா. சேவலு பண்ண வேலை அது. நீ மருந்து போட்டுகினு இருந்த. நான் குருட்டுத்தனமா கத்திட்டேன். கையெடுத்துக் கும்பிடறேன், மனசுல வெச்சிக்காத."

அவள் அள்ளிய பருப்பை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும்.

"கோழிய புடுங்குனேன்னு சொன்னியள்லா, அத நான் அன்னைக்கே விட்டுட்டேன் மைனி. கண்ணால பாத்தா யாருக்கும் அப்படித்தான் தோணும். நானே வீட்டுல சொல்லிச் சிரிச்சேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பொழைக்க வந்தவன்னு சொன்னியளே. அது கோவத்துல புதுசா வந்த சொல்லு மாதிரி இல்ல. அவ்வளவு வெரசா வாயில வருதுன்னா, எத்தன வருசமா உள்ள கெடந்துருக்கும்? நான் ஆஸ்பத்திரியில உங்க பக்கத்துல உக்காந்துருந்தேனே, அப்பமும் இருந்துச்சா?"

நான் பருப்பு மூட்டையையே பார்த்தேன்.

"இல்லைன்னு ஒரு சொல்லு சொல்லுங்க மைனி. அது போதும். நான் நம்பிருவேன்."

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எத்தனை சுலபமான சொல். ஆனால் வாயைத் திறந்த அந்த நொடியில் அவள் மாடி வீட்டுக் கிரகப்பிரவேசம் கண் முன்னால் வந்து நின்றது. பந்தியில் என் இலைக்கு அவளே இரண்டாம் தரம் பாயசம் ஊற்றினாள். சாப்பிட்டு, கை கழுவி, ஈரம்கூடக் காயாமல் வீட்டுக்கு வந்து, இவரிடம் நான் சொன்னேன்: "பொழைக்க வந்தவங்க மாடி கட்டிட்டாங்க. நாம இன்னும் ஆஸ்பெட்டாஸ்ல கெடக்கறோம்." அன்றைக்கு மட்டுமா? வெங்காய விலையை ஏற்றினபோது, அவர்கள் பையனுக்கு என்ஜினியரிங் சீட் கிடைத்தபோது, எதுவுமே இல்லாமல் சும்மா இருந்தபோதும்கூட. எங்கள் வீட்டு நாலு சுவருக்குள் அவளுக்கு நான் வைத்திருந்த பெயரே அதுதான்.

ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டவள் நான். அவள் என்னை ஒரே ஒரு தடவை சந்தேகப்பட்டாள். அது சரியாக இருந்தது.

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். கடைக்கு இன்னும் இரண்டு பேர் வந்து என் பின்னால் நின்றார்கள். பிறகு அவள் குனிந்து, கையில் இருந்த பருப்பை எடை மெஷினில் கொட்டினாள்.